இரவல் நடை

லாரிகள் தாமாக ஓடத் தொடங்கிய ஏழாவது வருஷத்தில், சங்ககிரி லோடு யார்டில், லோகநாதன் ஜவ்வரிசி மூட்டைகளின் மேலிருந்து விழுந்தான்.

டிரைவர் என்கிற பேர் மட்டும்தான் அப்போது மிச்சம் இருந்தது. பைபாஸில் ஏறிவிட்டால் வண்டி தன் பாட்டுக்குப் போகும். ஸ்டீயரிங்கைத் தொட வேண்டியது ஊருக்குள் மட்டும்தான். கண்ணயர்ந்து மோதுவது, தண்ணி போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறக்குவது எல்லாம் பழைய கதையாகிவிட்டது. ஆனால் தார்ப்பாய் தன்னைத்தானே கட்டிக்கொள்ளவில்லை. பன்னிரண்டடி லோடின் மேல் ஏறி, நாலு மூலையையும் இழுத்துவிட்டு, கயிறு வீசி, முடிச்சுப் போட்டு இறங்க மனிதன்தான் வேண்டியிருந்தது. ஈரக்காலோடு கேபின் படியில் வழுக்கியவன், கயிறு அறுந்து மல்லாக்கப் போனவன், பின்கதவைத் திறந்ததும் சரிந்த மூட்டைகளோடு சேர்ந்து வந்தவன் என்று எலும்பு முறிவு வார்டில் எந்நேரமும் இரண்டு டிரைவர்களாவது படுத்திருப்பார்கள். ஓடுகிற வண்டியில் சாவது நின்றுபோனது. நிற்கிற வண்டியிலிருந்து விழுவது நிற்கவில்லை.

செவ்வந்தி ரோட்வேஸில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்த்த பூபதி மட்டும் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. நாற்பத்தேழு வயது. ஒல்லியான, கொஞ்சம் கூனல் விழுந்த ஆள். தரையில் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லோடு மேல் ஏறிவிட்டால் யார்டே பார்க்கும். பஞ்சு பேலின் விளிம்பில் அவர் நடந்து போவது, வீட்டுக்கூடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போவது மாதிரி இருக்கும். கோணல் லோடு, உருண்டை லோடு என்றால் சரக்கு அனுப்பும் பார்ட்டிகளே போன் போட்டு, "பூபதியை அனுப்புங்க" என்று கேட்பார்கள். அவருக்கு வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு அதிகம் இல்லை. அதுவே போதும் என்றுதான் இருந்தார்.

லோகநாதன் அதே கம்பெனியில் டிரைவர். பூபதியைவிடப் பதிமூன்று வயது இளையவன். பூபதிக்குப் பக்கத்து வீடு. விழுந்ததில் எலும்பு எதுவும் முறியவில்லை. தலை இடித்ததில் காதுக்குள் ஏதோ போய்விட்டது.

"நிதானமே காதுக்குள்ளதான் இருக்குதாம். அது போயிருச்சாமுங்" என்று அவன் மனைவி கௌசல்யா சொன்னாள். "முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ண மூடுனா உளுந்தர்றாருங்."

நாலு மாதம் பூபதிதான் அவனைக் குளிக்கக் கூட்டிப்போனார். தோளில் கைபோட்டு, சுவரோரமாக, ஒவ்வொரு அடியாக. லோகு அழமாட்டான். "உங்க வேல கெடுதுங்ண்ணா" என்று மட்டும் சொல்வான்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு மெஹ்ருன்னிசா வந்தாள். சேலத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தின் இன்ஜினியர். கையில் ஒரு பெல்ட்டும், காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் இரண்டு வில்லைகளும் கொண்டுவந்திருந்தாள். புக்கிங் ஆபீஸில் டிரைவர்களை உட்கார வைத்துப் பேசினாள்.

"நாம நடக்கும்போது உடம்பு ஓயாம சாயப் பாத்துக்கிட்டே இருக்கு. காது அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லுது, கால் திருத்திக்குது. நமக்குத் தெரியறதே இல்ல. லோகநாதனுக்கு அந்தச் சொல்ற ஆள் இல்ல. இந்தப் பட்டை சொல்லும். இடுப்புலயும் காதுக்குப் பின்னாலயும் சின்னதா ஒரு துடிப்பு. அவர் யோசிக்கவே வேண்டாம், கால் கேட்டுக்கும்."

"அப்பறம் என்னங்க, மாட்டி உடுங்க" என்றார் பூபதி.

"சும்மா மாட்டினா பத்தாது சார். எந்தச் சாய்வுக்கு எப்படித் திருத்தணும்னு பட்டைக்குத் தெரியணும். விழாம நடக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட இருந்து அது கத்துக்கணும்."

எல்லோரும் பூபதியைப் பார்த்தார்கள்.

"கிட்னி கேக்கல, கண்ணு கேக்கல. நடக்கறதுதானுங்களே" என்று பூபதி சிரித்தார். "நடக்கறன்."

"உங்ககிட்ட இருந்து எதுவும் குறையாது" என்றாள் மெஹ்ருன்னிசா. அது பொய் என்று பின்னாளில் பூபதிக்குத் தோன்றியது. ஆனால் எந்த இடத்தில் பொய் என்று அவரால் சொல்ல முடிந்ததில்லை.

பதினோரு நாள் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிக்கொண்டு அவர் மூட்டை மேலும் பேல் மேலும் குழாய் மேலும் நடந்தார். அடுத்த மாதம் லோகு பட்டையைக் கட்டிக்கொண்டு யார்டின் நடுவில் நின்றான். கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினான். விழவில்லை. நடக்கச் சொன்னார்கள். ஆபீஸ் வாசலிலிருந்து டீசல் பம்ப் வரை நடந்து, திரும்பி வந்தான். கௌசல்யா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூபதி எல்லோர் முன்னாலும் அழுதார். அவருடைய மகன் முதல் அடி எடுத்து வைத்தபோது அவர் நாக்பூரில் இருந்தார். இதையாவது பார்த்தோமே என்று நினைத்துக்கொண்டார். அந்த அழுகையில் கலப்படம் எதுவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம். பூபதி உள் அறையில் உட்கார்ந்து செருப்பு தைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் இருப்பது தெரியாமல், சமையலறையில் இருந்த அவர் மனைவி தேன்மொழி, வாசலில் காலடிச் சத்தம் கேட்டு, "வந்துட்டீங்களா? தண்ணி காஞ்சிருச்சு, போய்க் குளிங்க" என்றாள்.

"நானுங்க்கா. கொய்யாப்பழம் குடுத்துட்டுப் போலாம்னு வந்தன்" என்றது லோகுவின் குரல்.

தேன்மொழி விழுந்து விழுந்து சிரித்தாள். "அவராட்டவே இருந்துச்சு சாமி, சத்தம்." உள்ளேயிருந்து பூபதியும் சிரித்தார். சாப்பிடும்போதுதான் கேட்டார்.

"இருபத்திரண்டு வருஷமா கேக்கற சத்தம். அடையாளம் தெரியாதா?"

"சத்தம் ஒண்ணாத்தானுங்களே இருந்துச்சு."

"ஆள் வேற."

"ஆள் வேறதான். நானென்ன ஆள் மாத்திச் சோறா போட்டுட்டன்?"

பூபதி சிரித்துக்கொண்டே மோரை ஊற்றிக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து தெருவில் லோகு நடந்து போனால் அவருடைய காது தானாக அந்தப் பக்கம் போனது. தன் நடையைத் தானே கேட்பது விசித்திரமாக இருந்தது. தன்னைவிட அது துள்ளலாக இருந்தது. முப்பத்து நாலு வயது உடம்பில் போட்ட அதே நடை. இருபது வயதில் தைத்த சட்டையை அடுத்தவன் போட்டுக்கொண்டு போவதைப் பார்ப்பது மாதிரி, அவனுக்குத்தான் அது பொருத்தமாக இருந்தது.

யார்டில் அது இன்னும் மோசமாயிற்று. லோகு மூட்டை மேல் ஏறினால், கீழே நிற்பவர்கள் "பூபதியண்ணனே ஏறுனாப்பல இருக்குது" என்றார்கள். முதலில் அது பூபதிக்குப் புகழ்ச்சியாகத்தான் கேட்டது. பிறகு "பூபதியண்ணன்" என்ற பேர் வாக்கியத்திலிருந்து மெல்லக் கழன்றுகொண்டது. "லோகு ஏறுனா பாத்துட்டே இருக்கலாம்" என்றார்கள். பார்ட்டிகள் போன் போட்டு, "அந்தப் பட்டை போட்ட தம்பிய அனுப்புங்க" என்றார்கள். மேனேஜர் சௌந்தரராஜன் பூபதிக்குச் சின்ன லோடுகளாகக் கொடுக்க ஆரம்பித்தார்.

"வயசாச்சில்ல பூபதி, எதுக்கு ரிஸ்க்கு" என்றார்.

ஒரு வருஷத்துக்குள் முந்நூறு பேர் இடுப்பில் பட்டை இருந்தது. ஆந்திராக்காரர்கள், ஒடிசாக்காரர்கள் எல்லோருடைய காலிலும் அவர் நடை. அவர்கள்மேல் பூபதிக்கு எதுவும் இல்லை. தெரியாதவன்மேல் பொறாமை வருவதில்லை. தோளில் தாங்கிக் குளிக்க வைத்தவன்மேல்தான் வருகிறது. லோகு ஒரு நல்ல சட்டை போட்டால் எரிந்தது. லோகுவும் கௌசல்யாவும் சேர்ந்து கோயிலுக்குப் போனால் எரிந்தது. அவன் "அண்ணா, அண்ணா" என்று மரியாதையாகப் பேசியதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது. ஒருநாளாவது திமிராகப் பேசியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

யார்டிலும் சில விஷயங்கள் மாறின. லோகு விழுந்த வருஷம், தார்ப்பாய் கட்டுவதற்கென்று கைப்பிடிக் கம்பி போட்ட இரும்பு மேடை ஒன்று அமைப்பதாகப் பேச்சு இருந்தது. இரும்பெல்லாம் வந்து இறங்கியது. பட்டை வந்த பிறகு, "அதான் யாரும் உளுகறதில்லயே" என்று அந்த இரும்பை மதில் ஓரமாகப் போட்டுவிட்டார்கள். லோடில் இரண்டு வரிசை கூட்டி ஏற்றவும் தொடங்கினார்கள். பன்னிரண்டடி, பதினாலடி ஆயிற்று. பூபதி இதையெல்லாம் பார்த்தார். கேட்க வேண்டிய ஆள் தான்தான் என்றும் தெரிந்தது. கேட்டால், "உனக்கு ஏற முடியலைன்னா சொல்லு" என்பார்கள் என்று பேசாமல் இருந்தார்.

ஐப்பசி மாதம் ஒரு தூறல் நாளில் அவர் ஒரு சின்னக் குழாய் லோடின் மேல் நின்றுகொண்டிருந்தார். பாதி தூரம் போனதும், தன் வலது கை கயிற்றைப் பிடித்திருப்பதைக் கவனித்தார். எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை. கையை விட்டுவிட்டு இரண்டடி வைத்துப் பார்த்தார். உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. மறுபடி கயிற்றைப் பிடித்தார்.

இறங்கி வந்து டயர் மேல் உட்கார்ந்து யோசித்தார். இடது முட்டியில் ரொம்ப வருஷமாக ஒரு பிடிப்பு உண்டு. அதைக் காப்பாற்ற உடம்பு அந்தப் பக்கமாக ஒரு சாய்வைப் பழகியிருக்கிறது. காய்ந்த மூட்டை மேல் அது தெரியாது. நனைந்த குழாய் மேல் மட்டும் அந்தச் சாய்வு ஆளைத் தள்ளும். அவரை விழாமல் வைத்திருந்தது அந்தக் கை. பட்டை எடுத்துக்கொண்டது காலின் கணக்கைத்தான். கையை எடுக்கவில்லை. அப்படியானால் பட்டை கட்டிய எவனும் நனைந்த குழாய் மேல் ஏறினால், சாய்வு இருக்கும், பிடிக்கக் கை போகாது.

போனை எடுத்து மெஹ்ருன்னிசாவின் நம்பரைப் போட்டார். மணி இரண்டு தடவை அடித்தது. கட் செய்தார்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள் வெயில் அடித்தது. வெயிலில் அவசரம் தெரியவில்லை. அப்படியே மூன்று வாரம் போயிற்று. சொல்லக் கூடாது என்று அவர் ஒருநாளும் முடிவு செய்யவில்லை. சொல்லாமலே இருந்தார், அவ்வளவுதான். அந்த மூன்று வாரமும் மனசின் ஓரத்தில் ஒரு சின்னக் குளிர்ச்சி இருந்தது. அவர்களிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்ற குளிர்ச்சி.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள், விஜயவாடாவுக்குப் பெரிய குழாய் லோடு வந்தது. ஆபீஸில் பூபதியும் லோகுவும் இருந்தார்கள். மேனேஜர் பேப்பரை லோகுவிடம் நீட்டினார்.

"பூபதியண்ணன் போவாருங்களே" என்றான் லோகு. "குழாய்னா அவருதானுங்களே."

"அதெல்லாம் அப்ப" என்றார் மேனேஜர். சிரித்துக்கொண்டே பூபதியைப் பார்த்தார். "ஒரிஜினலவிட டூப்ளிகேட் நல்லா உழைக்குது. என்ன பூபதி?"

பூபதியும் சிரித்தார்.

வெளியே வானம் மூடியிருந்தது. இரண்டு பேரும் டீக்கடைக்கு நடந்தார்கள். லோகு டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

"ஏனுங்ண்ணா, பெரிய குழாய்ல நான் ஏறுனதில்ல. மழ வேற வர்றாப்பல இருக்குது. எதாச்சும் பாத்துக்கோணுங்களா?"

பூபதி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டீ கிளாஸில் மிதந்த ஆடையை ஊதி ஒதுக்கினார்.

"என்ன பாக்கறதுக்கு இருக்குது? அதுதான் என்ற நடை உன்ற கால்ல இருக்குதே."

லோகு ஒரு நொடி அவரைப் பார்த்தான். "அதுஞ் செரிதானுங்" என்றான். டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

இரண்டரை மணிக்கு லோகு விழுந்தான்.

பூபதி அப்போது யார்டின் மறுகோடியில் இருந்தார். சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். அவர் ஓடவில்லை. கால் வரவில்லை. ஆட்களின் இடைவெளியில் ஈரத் தரையும் ஒரு செருப்பும் தெரிந்தன. "உசிரு இருக்குது, உசிரு இருக்குது" என்று யாரோ சொன்னார்கள். ஆம்புலன்ஸ் போன பிறகுதான் அவரால் அந்த இடத்துக்கு நடக்க முடிந்தது.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கௌசல்யாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? மறுநாள் காலையில் பஸ் ஏறிச் சேலம் போனார். மெஹ்ருன்னிசாவின் ஆய்வுக்கூடம் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அவள் நாற்காலி காட்டியும் அவர் உட்காரவில்லை.

"என்ற இடது முட்டில ஒரு பிடிப்பு இருக்குதுங்க. நனைஞ்ச குழாய்ல அது தள்ளும். நான் கையால கயித்தப் புடிச்சுக்குவன். பட்டைக்கு அது தெரியாது. எனக்கு மூணு வாரம் முன்னாலயே தெரியும். அவன் என்கிட்ட கேட்டான். நான் சொல்லல. நான்தானுங்க அவனத் தள்ளுனது."

அவள் கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்தாள்.

"இடது சாய்வு, நனைஞ்ச உருளைப் பரப்பு. நாங்க பாத்துட்டோம் சார். லோகநாதனுக்குப் பட்டை கட்டின ஆறாவது வாரமே எடுத்துட்டோம்."

"எடுத்துட்டீங்களா?"

"திருத்திட்டோம். உங்க நடைய மட்டும் வெச்சா உங்க குறையும் சேந்து வருது இல்லையா. அதனால இன்னும் பதினெட்டுப் பேர்கிட்ட எடுத்தோம். தென்னைமரம் ஏறறவர், கட்டடத்துல செங்கல் சுமக்கற அம்மா ஒருத்தங்க, சாரம் கட்டறவங்க. எல்லாத்தையும் கலந்துதான் இப்ப எல்லாப் பட்டையிலயும் போகுது. ராத்திரி சார்ஜ் போடும்போது தானா மாறிடும். கட்டியிருக்கறவங்களுக்கே தெரியாது."

"அப்ப அதுல என்ற நடை?"

"பத்துல ஒரு பங்கு இருக்கும்."

"எல்லாரும் என்னாட்டவே இருக்குதுன்னு சொல்றாங்களே."

"உங்களுதுன்னு முதல்லயே சொல்லிட்டோம் இல்ல. ஜனங்க அப்படித்தான் பாப்பாங்க."

பூபதி அப்போதுதான் உட்கார்ந்தார். ஒன்றரை வருஷமாகத் தெருவில் காது கொடுத்துக் கேட்ட நடை தன்னுடையதே இல்லை. ஏதோ ஒரு செங்கல் சுமக்கும் பெண்ணின் நடை அதில் இருந்திருக்கிறது.

"பின்ன அவன் எப்படி உளுந்தான்?"

அவள் தயங்கினாள். "பட்டை அணைஞ்சிருந்துச்சு. ரெண்டு இருபத்தெட்டுக்கு அவரே அணைச்சிருக்கார். நேத்து மட்டும் இல்ல. அஞ்சு வாரமா தினம் ஒரு தடவை அணைச்சிருக்கார், சில நிமிஷம். ஏன்னு எங்களுக்குப் புரியல. கம்பெனிக்கு இந்தப் பதிவை அனுப்பியாச்சு. அணைச்சிருந்தா பொறுப்பு அவருதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு."

மாடிப்படி இறங்கும்போது பூபதிக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் தள்ளவில்லை. இரண்டு படி கழித்து அந்த நிம்மதியைப் பார்த்து வெட்கம் வந்தது. அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. அதற்குப் பேர் வைக்க அவர் துணியவில்லை. அவன் விழுந்ததில்கூட நான் இல்லையே என்கிற ஆத்திரம் அது.

ஆஸ்பத்திரியில் லோகு ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டிலும் தோள்பட்டையிலும் கட்டு. விலா எலும்பு இரண்டு விரிசல். பட்டையைக் கம்பெனி ஆட்கள் சோதனைக்கு என்று எடுத்துப் போயிருந்தார்கள். கௌசல்யா பூபதியைப் பார்த்ததும், "நேத்தே வருவீங்கன்னு பாத்துட்டு இருந்தாருங்" என்றாள். பிறகு மருந்து வாங்கக் கீழே போனாள்.

பூபதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பஸ்ஸில் வரும்போது எப்படி எப்படியோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துவிட்டது.

"டீக்கடைல நீ கேட்டயே. எனக்குத் தெரியும் லோகு. நனைஞ்ச குழாய்ல என்ற நடை தள்ளும்னு தெரிஞ்சுதான் சொல்லாம உட்டன். நீ உளுந்தது அதனால இல்லையாம், அத எப்பவோ சரி பண்ணிட்டாங்களாம். ஆனா அது எனக்குத் தெரியாது. தெரியாமயேதான் உன்ன ஏற உட்டன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். அது கிளம்பிப் போகும்வரை இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குங்ண்ணா?" என்றான் லோகு.

"பொறாமடா. வேறென்ன."

"என்மேலயா?"

"உன்மேலதான்."

லோகு தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். "நீங்க லோடு மேல ஏறும்போதெல்லாம் நான் கீழ நின்னு பாத்துட்டு இருப்பன். ஞாபகம் இருக்குதுங்களா?"

"கத்துக்கறதுக்கு நிக்கறயாக்கும்னு நெனச்சன்."

"இல்லீங்ண்ணா. ஒரு தடவையாச்சும் உங்க காலு வழுக்காதான்னு நிப்பன்."

பூபதி நிமிர்ந்து பார்த்தார். லோகுவின் குரலில் கோபம் எதுவும் இல்லை. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்ததை இறக்கி வைப்பவனைப் போலப் பேசினான்.

"நான் என்ன செஞ்சாலும் பூபதியண்ணனாட்டவே இருக்குதுன்னாங்க. நல்லா ஏறுனா நீங்க. நல்லா இறங்குனா நீங்க. உளுந்தா மட்டுந்தான் நான். ஒருநா கௌசல்யா சொன்னா, 'இப்பத்தான் ஆம்பள நடக்கறாப்பல இருக்குது'ன்னு. அவ சந்தோசத்துல சொன்னா. அன்னைக்கு நான் சோறு திங்கல. என்ற ஊட்டுக்குள்ள, என்ற கால்ல, நீங்க நடக்கறீங்க. என்ற பொண்டாட்டி அதப் பாத்துச் சிரிக்கறா. நான் எங்கீங்ண்ணா போறது?"

"அதனால அணைச்சயா?"

"தெனமும் கொஞ்ச நேரம். மொதல்ல தரைல. செவுத்தப் புடிச்சுட்டு. அப்பறம் புடிக்காம. கொஞ்சங் கொஞ்சமா வந்துச்சுங்ண்ணா. கண்ணால பாத்துப் பாத்து வெக்கோணும். தத்தக்கா பித்தக்கான்னுதான் இருந்துச்சு. ஆனா அது நானு. டீக்கடைல நீங்க அப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. 'என்ற நடை உன்ற கால்ல இருக்குதே'ன்னு. சரி, இது இல்லாம ஏறிப் பாத்தர்றதுன்னு ஏறிட்டன்."

பூபதி ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துக்கொண்டார். "எவ்வளவு தூரம் போன?" என்று கேட்டார்.

"நாலு அடி."

அவன் முகம் மாறியது. விலா வலித்தாலும் சிரிப்பை அடக்க முடியாதவனைப் போல இருந்தது.

"பதினாலடி ஒசரத்துல, மழைல, நாலு அடிங்ண்ணா. நல்லாத்தான் போனன்."

பூபதிக்கு அந்த நாலு அடியின் மேலும் பொறாமையாக இருந்தது. ஆனால் இந்தத் தடவை அதை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. "நான்கூட அப்படி ஏற மாட்டன்டா" என்றார். மெஹ்ருன்னிசா சொன்னதையும் சொன்னார். பதினெட்டுப் பேர், தென்னைமரம், செங்கல் சுமக்கும் அம்மா, பத்தில் ஒரு பங்கு. லோகு நம்பாமல் இரண்டு தடவை கேட்டான்.

"அப்ப ஒன்றர வருஷமா நாம ரெண்டு பேரும் யாருமேல எரிஞ்சுட்டு இருந்தோம்?" என்றான்.



மதியம் மேனேஜர் வந்தார். ஆரஞ்சுப் பழமும் ஒரு படிவமும் கொண்டுவந்திருந்தார். விபத்து அறிக்கை. பணியாளர் பாதுகாப்புப் பட்டையைத் தானே அணைத்துவிட்டு ஏறியதால் நேர்ந்தது என்று டைப் அடித்திருந்தது. சாட்சி கையெழுத்துக்குக் கீழே பூபதியின் பேர் தயாராக இருந்தது.

"சீனியர் நீதான். போட்டுக் குடு, முடிஞ்சுரும்" என்றார்.

"போட்டா இவனுக்கு என்னாகும்?"

"ரூல்படி வேலைல வெக்க முடியாது. வைத்தியச் செலவும் அவங்க குடும்பத்துப் பொறுப்பு. நான் என்ன பண்ணட்டும், மிஷின்லயே பதிவாயிருக்குது."

பூபதி பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே நிறைய வெற்றிடம் இருந்தது. அதில் எழுத ஆரம்பித்தார். அவருக்கு எழுத்து வேகமாக வராது. எழுதி முடிக்கும்வரை மேனேஜர் ஆரஞ்சுப் பையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

'லோகநாதன் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் எச்சரிக்கை கேட்டார். நான் தெரிந்தும் சொல்லவில்லை. லோடு இரண்டு வரிசை அதிகம் ஏற்றியிருந்தது. கைப்பிடி மேடைக்கு வந்த இரும்பு இரண்டு வருஷமாக மதில் ஓரம் துருப்பிடித்துக் கிடக்கிறது. பட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த உயரத்தில் மனிதன் பிடிக்க ஒரு கம்பி வேண்டும். விழாத நானும் இருபத்தாறு வருஷம் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் விழாமல் இருந்தேன். பூபதி.'

மேனேஜர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். "இத நான் மேல குடுத்தா உன்னையும் நிப்பாட்டிருவாங்க, தெரியுமில்ல?"

"குடுங்க" என்றார் பூபதி. "சேலத்து மேடம்கிட்ட ஒரு நகல் குடுக்கறதாச் சொல்லியிருக்கறன்."

அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. சாயங்காலம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மேனேஜர் பழத்தை மட்டும் வைத்துவிட்டு, படிவத்தை நாலாக மடித்துக்கொண்டு போனார். என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"டாக்டரு நடக்கச் சொன்னாருங்ண்ணா. அந்தக் கோடி வரைக்கும்" என்றான் லோகு. "பட்டை இல்லாம முடியாதுன்னு கௌசல்யா உட மாட்டீங்கறா."

"வா."

இடது கையைப் பூபதியின் தோளில் போட்டுக்கொண்டு லோகு எழுந்தான். வராந்தா நீளமாக இருந்தது. லோகு ஒரு பாதத்தை வைத்து, அது நின்றுவிட்டதா என்று பார்த்து, பிறகு அடுத்ததை எடுத்தான். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. ஒவ்வொரு அடியும் வேறு வேறு நீளத்தில் விழுந்தது. பூபதி தன் வழக்கப்படி நடந்தார். மூன்றாவது அடியில் லோகு தடுமாறி அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"வேகமாப் போறீங்ண்ணா."

பூபதி நின்றார். லோகுவின் கால்களைக் குனிந்து பார்த்தார். பிறகு தன் அடியைச் சுருக்கி, அவனோடு சேர்த்து வைக்கப் பார்த்தார். அவருக்கு அது வரவில்லை. மறுபடி முயன்றார்.